சபையில் முத்துலட்சுமி அம்மையார்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜூலை 30, மருத்துவமனை நாளையொட்டித் தாங்கள் வெளியிட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பற்றிய குறிப்பைப் படித்தேன். மகிழ்ச்சி. ஆனால் அதில் ஒரு பிழையும் ஒரு பெரிய விடுபடலும் இருக்கின்றன. அவர் பிறந்த புதுக்கோட்டைச் சீமைக்காரி என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் பிழை. அவரை ‘இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றது 1886-இல். முத்துலட்சுமி பிறந்ததே அந்த ஆண்டில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912-இல் அவர் பட்டம் பெற்றது பெரிய சாதனை. இல்லாத பட்டத்தை அதன்மேல் ஏற்றத் தேவையில்லை.

அவர் உண்மையிலேயே முதலாமவராக இருந்த இடம் வேறு. ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில் சட்டசபைக்குள் நுழைந்த முதல் பெண் அவர். 1926 கடைசியில் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அடுத்த மாதமே ஆண்கள் மட்டும் அமர்ந்திருந்த அந்தச் சபை அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. தங்கள் குறிப்பில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

அங்கே அவர் செய்ததைத் ‘தேவதாசி முறையை ஒழித்தார்’ என்று மூன்று சொற்களில் முடித்துவிடுகிறோம். எப்படி ஒழித்தார் என்பதில்தான் அவருடைய மருத்துவ மூளை தெரிகிறது. தேவதாசிக் குடும்பங்களுக்குக் கோயில் பணிக்காக மானிய நிலம் விடப்பட்டிருந்தது. பணி நின்றால் நிலம் கைவிட்டுப் போகும். அதனால் தலைமுறைக்கு ஒரு பெண்ணாவது பொட்டுக் கட்டிக்கொள்ள, அதாவது கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட, வேண்டியிருந்தது. நிலம்தான் பிடி என்பதை அவர் கண்டுகொண்டார். 1929-இல் அறநிலையச் சட்டத்தில் அவர் கொண்டுவந்த திருத்தம் அந்தப் பிடியை அறுத்தது. பணியிலிருந்து அந்தப் பெண்கள் விடுபடலாம், நிலத்தீர்வையை (நிலவரியை)க் கட்டிக்கொண்டு நிலத்தையும் தாங்களே வைத்துக்கொள்ளலாம் என்றானது. சோற்றுக்கு வழி செய்துவிட்டுப் பிறகுதான் வழக்கத்தின்மேல் கை வைத்தார். அவருடைய தாயார் சந்திரம்மாள் அந்தச் சமூகத்தில் பிறந்தவர். அந்த வீடுகளின் அடுப்பங்கரை நிலவரத்தை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

எதிர்ப்பு வைதிகர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரிய கலைஞர்களே, தங்கள் கலையும் சொத்துரிமையும் போய்விடும் என்று அஞ்சி எதிர்த்தார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் பொட்டுக் கட்டப்பட்ட சிறுமிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லையே.

பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் மசோதாவை 1930-இல் முன்வைத்தார். அது நிறைவேறும் முன்பே காந்தியடிகளின் கைதைக் கண்டித்துப் பதவியைத் துறந்துவிட்டார். அந்தத் தடை சட்டமாகி நிறைவேறியது 1947-இல், ஓமந்தூரார் ஆட்சியில். இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளும் அவர் சும்மா இருக்கவில்லை. அடைக்கலம் தேடி வந்த சிறுமிகளுக்காக ஔவை இல்லத்தைத் தொடங்கினார். பின்னாளில், தங்கையைப் பறித்த புற்றுநோய்க்காக அடையாறு மருத்துவமனையை எழுப்பினார். அது 1954-இல் நோயாளிகளுக்குத் திறந்தது. இவற்றை எல்லோரும் அறிவார்கள் என்பதால் நீட்டவில்லை. 1968 ஜூலை 22-இல் மறைந்தார்.

நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரில் இருப்பதால், பணிக்காலம் முழுவதும் அவர் பெயரைத் தினமும் கையால் எழுதியிருக்கிறேன். நிதி 6,000 ரூபாயாக இருந்தபோதும் எழுதினேன், 12,000 ஆனபோதும் எழுதினேன். ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ஆனபோதும் எழுதினேன். துணை சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்கள், “நர்சம்மா, முத்துலட்சுமி பணம் எப்போது ஏறும்?” என்றுதான் கேட்பார்கள். ஒரு நாள், ஏழு மாதக் கர்ப்பிணியாக வந்த ஒரு பெண் வங்கிப் புத்தகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டே, “அந்த அம்மா எந்த ஊர்க்காரர்?” என்று கேட்டாள். “நம் புதுக்கோட்டைதான்” என்றேன். அவளுக்கு நம்ப முடியவில்லை. ஆண்கள் படித்த மன்னர் கல்லூரியில் எதிர்ப்புகளுக்கு நடுவே சேர்ந்து படித்தவர் என்று சொன்னேன். சட்டசபையில் என்ன செய்தார் என்று சொல்ல அன்று எனக்கே தெரியாது. ஓய்வுக்குப் பிறகு நூலகத்தில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். அந்தக் குறை இன்னும் மனத்தில் உறுத்துகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். சபையில் பெற்ற அனுபவங்களை அம்மையார் 1930-இல் ஆங்கிலத்தில் ஒரு நூலாகவே எழுதிவைத்திருக்கிறார். அதிலிருந்து சில பக்கங்களையாவது தமிழில் தங்கள் இதழில் வெளியிடுங்கள். நான்கு ஆண்டுகள்கூட நிறையாத காலத்தில் ஒரு தனி உறுப்பினர் சபையில் எவ்வளவு சாதிக்க முடிந்தது என்பதை மக்கள் படிக்கட்டும். வெளிவந்தால் சொல்லுங்கள். எங்கள் துணை சுகாதார நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்குப் பத்துப் பிரதிகள் நானே வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
திருமயம் வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.