பிரெஞ்சு விடுதிக்குப் போகலாமா என்று யோசிக்கும் அக்கா மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அமெரிக்காவில் மிடில்பரி கல்லூரியின் கோடைக்கால பிரெஞ்சுப் பள்ளியில் உனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று உன் அம்மா போனில் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த மூச்சிலேயே, "ஆனா போகலாமா வேண்டாமான்னு யோசிக்கிறா" என்றாள். எல்லாம் அந்த உறுதிமொழியால் வந்த யோசனைதானாம். ஏழு வாரமும் பிரெஞ்சைத் தவிர வேறு மொழி பேசமாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும், மீறினால் திருப்பி அனுப்பிவிடலாம். "ஸ்கூல்ல தமிழ் பேசினதுக்கு ஃபைன் கட்டினேனே சித்தி, அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று நீ என்னிடம் கேட்கச் சொன்னாயாம்.

போனில் அவசரமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் கோபம் நியாயமானது. ஆறாம் வகுப்பில் நீ பத்து ரூபாய் அபராதம் கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தாய்மொழியைத் தப்பு என்று ஒரு குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பது கொடுமை. அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. இன்னொன்றும் சொல்கிறேன், பிரெஞ்சுக்காரர்களே இதைச் செய்தவர்கள்தான். அந்தக் காலத்தில் பிரான்சின் வடமேற்கில் இருக்கும் பிரித்தானி பகுதிப் பள்ளிக்கூடங்களில், அந்தப் பகுதியின் சொந்த மொழியான பிரெத்தோன் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டையோ பழைய செருப்பையோ தொங்கவிடுவார்கள். அடுத்து யார் வாய் தவறிப் பேசுகிறாரோ அவர் கழுத்துக்கு அது மாறும். சாயங்காலம் அது யாரிடம் இருக்கிறதோ அவருக்குத் தண்டனை. அதையே ஆப்பிரிக்கக் காலனிகளுக்கும் கொண்டுபோனார்கள்.

இதை நான் எங்கே தெரிந்துகொண்டேன் தெரியுமா? நானும் மிடில்பரியில் படித்த கோடையில், அதே விடுதியின் சாப்பாட்டு மேஜையில்தான். மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் செனகலிலிருந்து வந்திருந்த ஆசிரியை ஒருவர், தன் அப்பா சிறுவயதில் பள்ளியில் அந்த நாட்டு மொழியான வோலோஃப் பேசியதற்காக அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்ற கதையைச் சொன்னார். நான் நம் ஊர் அபராதக் கதையைச் சொன்னேன். எனக்கு இருந்த அரைகுறை பிரெஞ்சில், வினைச்சொற்களை எல்லாம் நிகழ்காலத்திலேயே போட்டு, எப்படியோ சொல்லி முடித்தேன். மேஜையில் யாரும் திருத்தவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது அந்த மேஜையில்தான். உன் பள்ளியில் சட்டம் உனக்கு மட்டும். ஆசிரியர்கள் ஸ்டாஃப் ரூமில் தமிழில்தான் அரட்டை அடிப்பார்கள். இங்கே பேராசிரியருக்கும் அதே கட்டுப்பாடு, பக்கத்து அறைக்காரிக்கும் அதே கட்டுப்பாடு. அவர்களும் உன்னோடு ஒரே ஹாலில் தட்டோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அப்புறம், இங்கே விலக்கி வைக்கப்படுவது முக்கியமாக ஆங்கிலம். அமெரிக்கப் பிள்ளைகள் ஆங்கிலத்தை வாசலில் விட்டுவிட்டு வந்து உன்னைப்போலவே திணறுவதை நீ பார்க்கப் போகிறாய். அந்தக் காட்சியை நம் ஊரில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் சொல்லு. எல்லாவற்றுக்கும் மேலே, வயது வந்தவளாக யோசித்து நீயாகப் போடும் கையெழுத்து இது.

தமிழைப் பற்றிக் கவலைப்படாதே. அம்மாவிடம் பேச வேண்டியதை உன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசு. உடம்புக்கு முடியவில்லை, அவசரம் என்றால் எந்த மொழியிலும் பேசலாம். கூடத்திலும் படிக்கட்டிலும் சாப்பாட்டு ஹாலிலும்தான் பிரெஞ்சு மட்டும்.

இந்த ஏற்பாடு நேற்று முளைத்ததும் இல்லை. 1915இல் லிலியன் ஸ்ட்ரோபே என்ற ஜெர்மன் பேராசிரியை வெர்மான்ட் மாநிலத்தில் இருக்கும் இந்தச் சின்னக் கல்லூரியில் கோடைக்கால ஜெர்மன் பள்ளியைத் தொடங்கினார். மறுவருடமே பிரெஞ்சுப் பள்ளி வந்துவிட்டது. 1925இல் பிரெஞ்சுக்கென்றே ஒரு கட்டடம் எழுப்பி 'லெ ஷத்தோ' என்று பெயர் வைத்தார்கள். பிரான்சில் இருக்கும் ஃபோன்தென்புளோ அரண்மனையின் சாயலில் கட்டியது. மொழியை வகுப்பில் படித்தால் போதாது, அந்த மொழியிலேயே தூங்கி எழ வேண்டும் என்பதுதான் ஆரம்பத்திலிருந்தே அவர்களுடைய நம்பிக்கை.

அது சரியான நம்பிக்கை என்று நான் அடித்துச் சொல்வேன். நீ அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையத்தில் இரண்டு வருடம் படித்திருக்கிறாய், சுற்றுச்சூழல் பற்றிக் கட்டுரைகூட எழுதுவாய். ஆனால் இரவு பத்தரை மணிக்குத் துணி துவைக்கப் போனால், மெஷினில் வேறு யாருடைய துணியோ துவைத்து முடிந்து ஈரமாகக் கிடக்கும். எடுத்து மேலே வைப்பதா, காத்திருப்பதா? துணிக்குச் சொந்தக்காரி வந்து நிற்கிறாள், முகத்தில் லேசான எரிச்சல். நீ தொட்டது உதவிக்காகத்தான் என்று மரியாதையாக, அதே சமயம் விட்டுக்கொடுக்காமல் சொல்ல வேண்டும். உன் கையில் இருப்பது ஒரு ஒற்றைக் காலுறை. இதற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் பாடம் கிடையாது. மூக்கடைப்புக்கு மாத்திரை கேட்பது, ஷவரில் வெந்நீர் வரவில்லை என்று சொல்வது, சத்தத்தைக் குறைக்கச் சொல்லி நள்ளிரவில் கதவைத் தட்டுவது, எல்லாமே அங்கே வாய்திறந்தே ஆக வேண்டிய பாடம்.

முதல் வாரம் நன்றாகப் போகும். அதற்குப் பிறகு ஒரு சோர்வு வரும், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் ஆனால் தலை கனக்கும். அடுத்தவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் உனக்கு ஜோக் புரியும். நீ வாயாடி, தமிழில் உன்னை யாரும் மடக்க முடியாது. அங்கே ஊமை மாதிரி உட்கார்ந்திருக்கும்போது, இவர்களுக்கு நான் யாரென்றே தெரியாதே என்று அழுகை முட்டும். அந்த நாட்களில் சாப்பாட்டை அறைக்கு எடுத்துக்கொண்டு போய்விடாதே. போய் மேஜையில் உட்கார், உன்னைவிட நன்றாகப் பேசுகிறவர்கள் பக்கத்திலேயே உட்கார். நாலு வருடக் கோடையில் எம்.ஏ. முடிக்க வரும் பள்ளி ஆசிரியர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள். அவர்களோடு ஒட்டிக்கொள். பொறுமையாகக் கேட்பார்கள், தங்களுக்கும் வராத சொல்லைத் தேடுவார்கள்.

அந்தச் செனகல் ஆசிரியையிடம் எனக்குக் கிடைத்த இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் புதுச்சேரிப் பக்கம் என்றதும் அவர் கண்கள் விரிந்தன. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் புதுச்சேரியிலிருந்து அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி கப்பல் ஏறி செனகல் ஆற்றங்கரைக்குப் போய், அங்கே வேலம்பிசினுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டது. துணி நம் நெசவாளர்களுடையது, பிசின் அவர்கள் காட்டினுடையது, லாபம் பிரெஞ்சு வியாபாரிகளுடையது. நம் இருவரையும் ஆட்சி செய்தவர்களுடைய மொழியில்தான் இதை நாம் பேசிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று அவர் சொன்னார். கசப்போடு சொன்னார், ஆனாலும் பேசிக்கொண்டே இருந்தார். ஹாலைப் பூட்ட ஆள் வரும்வரை பேசினோம்.

பிரெஞ்சு பாரிஸ்காரர்களுடைய சொத்து என்று நினைத்துக்கொண்டுதான் நான் போனேன். செனகலின் டக்காரும் கனடாவின் மாண்ட்ரியலும் கரீபியத் தீவு நாடான ஹைத்தியும் அந்த மொழிக்குள் இருப்பதை அந்த மேஜைதான் காட்டியது. நமக்கும் அதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது, நம் தாத்தா காலத்துப் பத்திரங்களில் இன்னும் இருக்கிறது. உன் உச்சரிப்பைக் கேட்டு யாராவது முகம் சுளித்தால் இதை நினைத்துக்கொள்.

ஆக, என் பதில்: போ. உன் பிரெஞ்சு போதாது என்ற பயம் வேண்டாம், சேர்ந்தவுடன் தேர்வு வைத்து உன் நிலைக்கு ஏற்ற வகுப்பில்தான் போடுவார்கள். கோடை என்றாலும் வெர்மான்ட்டில் ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் ஒன்று எடுத்து வை. ஊறுகாய் பாட்டிலை நன்றாகக் கட்டிக் கொண்டுபோ, விடுதியில் அது என்ன என்று கேட்பார்கள், விளக்கிச் சொல்ல ஒரு மணி நேரம் பிடிக்கும், அதுவும் பயிற்சிதான்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இன்னும் ஏதாவது உறுத்தினால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. நான் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
சித்தி