பங்களாவா, கிராஃப்ட்ஸ்மேனா?

பசடேனா

அன்புள்ள சீனு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய். படியேறுவதைக் குறைத்தால் இன்னும் தேவலையாகும்.

மகன் ‘கிராஃப்ட்ஸ்மேன் வீடு’ என்று ஒரு வரைபடத்தை நீட்டினான், அது பங்களாதானே என்று கேட்டிருக்கிறாய். சரியான ஆளிடம்தான் கேட்டாய். அமெரிக்காவில் மகள் வீட்டுக்கு வந்த நாள் முதல், காலை நடையில் பிறத்தியார் வீட்டுக் கூரைகளின் வெளியே நீண்ட இறவாணங்களை அண்ணாந்து பார்ப்பதே எனக்கு வேலை.

நமக்குப் பங்களா என்றால் கலெக்டர், காவல்காரன், ‘நாய்கள் ஜாக்கிரதை’. இங்கே அது சிக்கனமான வீடு. ஒரு தளம், மிஞ்சினால் கூரைக்குள் ஒளித்த அரைத் தளம், முன்னால் அகலமான தாழ்வாரம். வங்காளத்துக் குடிசையின் பெயர் ஆங்கிலேயனோடு கப்பலேறி இப்படி வந்து சேர்ந்திருக்கிறது. ஆக, பங்களா என்பது வீட்டின் உருவம்.

கிராஃப்ட்ஸ்மேன் என்பது வேலைப்பாடு. குஸ்தாவ் ஸ்டிக்லி என்ற மேசை நாற்காலி செய்பவர் 1901இல் அந்தப் பெயரில் ஒரு பத்திரிகை தொடங்கினார். மரம் மரமாகவே தெரிய வேண்டும், மரமும் மரமும் சேரும் மூட்டுகளை மறைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. கைமர நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தூண்கள் அடியில் பருத்து மேலே சிறுக்கும். பசடேனாவில் பல வீடுகளில் உருவமும் வேலைப்பாடும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டதால்தான் இந்தக் குழப்பம். சிகாகோவிலோ பங்களா செங்கல்லில் நிற்கிறது.

இங்கே கேம்பிள் வீடு என்று ஒன்று. சோப்புக் கம்பெனிக் குடும்பத்துக்காக 1908இல் கிரீன் சகோதரர்கள் வடிவமைத்தது. மூன்று தளம்! அதையும் பங்களாக்களின் உச்சம் என்கிறார்கள். நம் கலெக்டர் பங்களாவே தேவலை. ஆனால் கூடத்துக்குள் நுழைந்ததும் வாயடைத்துப்போனேன். காரைக்குடி வீடுகளுக்குப் போன அதே பர்மா தேக்கு. விளிம்பெல்லாம் மழுங்க இழைத்திருக்கிறார்கள். ஒரு மூட்டின் மேல் கைவைத்துப் பார்க்கப் போய் வழிகாட்டியிடம் திட்டு வாங்கினேன். ஆனாலும், எளியவன் வீட்டுக்கென்று பிறந்த பாணி பணக்காரன் வீட்டில் உச்சம் தொட்டது எனக்கு உறுத்துகிறது. தெருவோரச் சின்ன வீடுகளே பிடித்திருக்கின்றன.

உன் மகன் படத்தில் கைமர நுனிகள் கான்கிரீட்டுக்கு அடியில் ஒட்டவைத்த பொம்மைகளாக இருந்தால் அவற்றைக் கோடு போட்டு அடித்துவிடு. இறவாணத்தில் மட்டும் கைவைக்காதே. தஞ்சாவூர் வெயிலுக்கு இரண்டரை அடியாவது நீளட்டும். படத்தின் நகலை அனுப்பு. தென்னங்கன்று பிழைத்ததா?

உன்,
ராமு