எடைக்குப் போடும் முன்: நம் ஆலய நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் ஐயாவுக்கும், செயலாளர், பொருளாளர், இளைஞர் பிரிவுத் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டிய தாளைப் படித்தேன். இரண்டு தீர்மானங்கள். ஒன்று, பின்பக்க ஸ்டோரில் கிடக்கும் பழைய இரும்புச் சாமான்களை எடைக்குப் போடுவது. இன்னொன்று, துளைபோடும் இயந்திரம் பொருத்திய ரிக் லோரியைக் கூப்பிட்டுக் கோயிலுக்கு ஆழ்துளைக் கிணறு போடுவது, அதற்கு ஊரில் நன்கொடை திரட்டுவது. கிணறு வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சு கிடையாது. முதல் தீர்மானத்தைக் கைவிடுங்கள், இரண்டாவதைக் கொஞ்சம் ஆறப்போடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். கூட்டத்தில் பேச எழுந்தால் பாதியிலேயே உட்காரச் சொல்லிவிடுவீர்கள் என்பதும் ஒரு காரணம்.

பெஸ்தாரி ஜெயாக்காரர்களுக்குத் தண்ணீர்க் கஷ்டத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர் இருந்த காலத்திலிருந்தே சுங்கை சிலாங்கூர் ஆறு நம் பக்கத்தில்தான் ஓடுகிறது. ஆனால் 2014 வறட்சியில் சிலாங்கூர் மாநிலமே முறை வைத்துத் தண்ணீர் பிடித்தது. 2020 செப்டம்பரில் ராவாங் பக்கம் சுங்கை கோங் ஆற்றில் கழிவு கலந்ததும் நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். ஏறக்குறைய 12 லட்சம் குடிநீர் இணைப்புக் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றுபோனது. ஆறு கண்ணெதிரே, குழாயில் வெறும் காற்று. அன்னதானப் பாத்திரங்களைக் கழுவ வழியில்லாமல் நம் பெண்கள் பட்ட பாட்டை நீங்களும்தான் பார்த்தீர்கள்.

சரி, ஸ்டோருக்கு வருவோம். அங்கே கிடப்பது வெறும் துருப்பிடித்த இரும்பு அல்ல. இரும்புக் கப்பி ஒன்று, கனமான கடப்பாரைகள், பாதாளக் கரண்டி, குட்டைக் காம்பு போட்ட மண்வெட்டிகள். காம்பு ஏன் குட்டை என்று இளைஞர் பிரிவில் ஒருவர் கேட்டார். கிணற்று வளையமான உறைக்குள் குந்தி உட்கார்ந்து வெட்டுகிறவருக்கு நீளக் காம்பை ஓங்க இடம் ஏது? தோட்டத்துக் கிணறுகளில் பல இப்படி இறங்கியவைதான். சிமெந்து உறையைத் தரையில் வைத்து, உள்ளே இருந்தபடி அதன் விளிம்புக்கு அடியில் சுற்றிச் சுற்றி மண்ணைச் சுரண்டி எடுப்பார்கள். உறை தன் கனத்தாலேயே இறங்கும். அது தரைமட்டத்துக்கு வந்ததும் மேலே இன்னொரு உறை. ஒரு பக்கம் அதிகமாக வெட்டினால் உறை சாய்ந்து மாட்டிக்கொள்ளும். அதை நிமிர்த்துவது பெரும் பாடு. அந்த வேலை தெரிந்த பெரியவர்கள் இன்னும் நம் தாமான் குடியிருப்பில் இருக்கிறார்கள்.

அதற்காக யாரையும் கிணற்றுக்குள் இறக்கச் சொல்லவில்லை. கூடவே கூடாது. மண் சரியும், அடியில் பிராணவாயு இல்லாமல் போகும். மெழுகுவத்தியை இறக்கிப் பார்ப்பது எல்லா வாயுவையும் காட்டிக்கொடுக்காது. தண்ணீர் இறைக்கிறேன் என்று பெட்ரோல் பம்பை உள்ளே இறக்கி ஓட்டினால், அதன் புகையே ஆளைக் கொன்றுவிடும். உள்ளே விழுந்த வாளியை எடுக்கப் பாதாளக் கரண்டி இருக்கிறது, தூர் வாரிய சேற்றை மேலே இழுக்கக் கப்பி இருக்கிறது. அதனால்தான் அவற்றை வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

புதிதாக வாங்கச் சொல்வது வேறு. கையால் திருகித் துளைக்கும் ஆகர் செட் ஒன்று. மேலே டி வடிவக் கைப்பிடி, நடுவில் ஒன்றோடொன்று பூட்டும் மீட்டர் நீளக் கம்பிகள், நுனியில் சுமார் 10 சென்டிமீட்டர் அகலத்தில் வாய் திறந்த உருளை. இருவர் எதிரெதிரே நின்று வலப்பக்கமாகத் திருக வேண்டும். உருளை நிறைந்ததும் மேலே இழுத்து மண்ணைத் தட்டிவிட வேண்டும். அளவுக்கு மீறி நிரப்பினால் களிமண் கவ்விக்கொண்டு கம்பி மேலே வராது. பொறுமை இல்லாதவரை இந்த வேலைக்கு விடாதீர்கள். பூட்டின் ஆணியை ஒவ்வொரு முறையும் பார்த்துப் போடவும் ஓர் ஆள் வேண்டும். அது கழன்றால் கம்பி முழுவதும் குழிக்குள் போய்விடும்.

எனக்கு இதில் பிடித்ததே அந்த மண்தான். வருகிற வரிசைப்படி தார்ப்பாயில் பரப்பி வையுங்கள். மேலே கறுப்பு மண், அப்புறம் மஞ்சள் களி, சாம்பல் களி, நம் அதிர்ஷ்டத்துக்கு அதன் கீழே மணல். மணல் தட்டுப்படுவது கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும். அதுவரை வழுக்கிக்கொண்டு திரும்பிய கைப்பிடி நறநறவென்று அதிரும். அந்த மணலில்தான் நமக்கு வேண்டிய தண்ணீர் இருக்கும். பக்கத்துத் தாமான் ஒன்றில் ரிக் வந்தது, துளைத்தது, பணத்தை வாங்கிக்கொண்டு போனது. எந்த ஆழத்தில் என்ன மண் வந்தது என்று குறித்துக் கொடுக்க ஆளில்லை. இப்போது பம்பு சேற்றை இழுக்கிறது. காரணம் சொல்லவும் ஆளில்லை.

நீர்மட்டத்தைத் தொட்டதும் ஆகருக்கு வேலை கடினமாகிவிடும். ஈர மணல் உருளையில் நிற்காது, குழியும் சரிந்துகொண்டே வரும். அந்த இடத்தில் ஒரு காப்புக் குழாயை இறக்கி, அதற்குள்ளிருந்து மணலை அள்ள வேண்டும். அள்ளுவதற்கு, அடியில் டயர் ரப்பரை வால்வாக வைத்த இரும்புக் குழாய் போதும். கயிற்றில் கட்டிக் குத்திக் குத்தி எடுத்தால் மணல் உள்ளே ஏறும், ரப்பர் மூடிக்கொள்ளும். நம் ஒர்க்‌ஷாப் தம்பிகள் வெல்டிங் வைத்துச் செய்துவிடுவார்கள். கடைசியில் நிரந்தரக் குழாய். அடிப்பகுதியில் ரம்பத்தால் மெல்லிய கீறல்கள் போட்ட பி.வி.சி. குழாயை இறக்கி, சுற்றிலும் பொடிக்கல் கொட்டிவிட்டு, காப்புக் குழாயை உருவிவிட வேண்டும். மேலே சில மீட்டருக்குக் களிமண்ணோ சிமெந்தோ அடைத்து, தரையில் சாய்வாகத் தளம் போட வேண்டும். இந்த அடைப்பைத்தான் ஆட்கள் சோம்பல்பட்டு விட்டுவிடுகிறார்கள். விட்டால் மழையில் வருகிற அழுக்கெல்லாம் குழாய் ஓரமாகவே கீழே இறங்கிவிடும்.

எவ்வளவு ஆழம் போகும்? மெத்து மண்ணில் 15 மீட்டர் வரை கைஆகரால் போகலாம். பாறை, கெட்டிச் சரளை என்றால் இது உதவாது. அங்கே ரிக்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ராஜா மூசா காட்டுப் பக்கம் போனால் கரிச்சேற்று நிலம். துளைப்பது சுலபம், தண்ணீர்தான் தேத்தண்ணி நிறத்தில் வரும். ஆற்றோரப் படிவு மண்ணில் இருக்கிற நம் கோயில் நிலத்துக்கு இந்த இரண்டு தொல்லையும் குறைவு என்பது என் கணிப்பு. துளைத்துப் பார்த்தால் உறுதியாகிவிடும். தண்ணீர் 7 மீட்டருக்குள் நின்றால் சாதாரண அடிபம்பே உறிஞ்சிவிடும். அதற்குக் கீழே போனால் காற்றின் அழுத்தம் கைகொடுக்காது. சிலிண்டரைத் தண்ணீருக்குள் இறக்கிய பம்பு வேண்டும்.

கையால் என்ன பெரிதாகச் செய்துவிட முடியும் என்று பொருளாளர் சிரிப்பார். சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில் உப்புநீருக்காகத் துளைத்த ஷென்ஹாய் கிணறு 1835இல் 1,001 மீட்டரைத் தொட்டது. எஞ்சின் கிடையாது. மூங்கில் வடத்தில் இரும்பு உளியைத் தொங்கவிட்டு, ஆட்கள் நெம்புகோலை மிதித்து மிதித்தே இறக்கினார்கள். பல ஆண்டுகள் பிடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அவர் அதையும் கேட்பார்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத் தம்பிகளைக் கேளுங்கள். அவர்கள் ஊரில் குழாய்க் கிணறுகளில் மிகப் பல கையால் இறக்கியவை. தரையில் சிறு பள்ளம் வெட்டித் தண்ணீர் நிரப்பி, அதில் ஓர் இரும்புக் குழாயை நிறுத்துவார்கள். மூங்கில் சாரத்தில் கட்டிய நெம்புகோலால் ஒருவர் குழாயை ஏற்றி இறக்குவார். மேலே உட்கார்ந்திருப்பவர், குழாய் ஏறும்போது அதன் வாயை உள்ளங்கையால் மூடுவார், இறங்கும்போது கையை எடுப்பார். அந்தக் கைதான் வால்வு. சேறும் தண்ணீருமாகக் குழாய் வாயில் பீறிட்டு வரும், குழாய் இறங்கிக்கொண்டே போகும். குழி சரியாமல் இருக்கத் தண்ணீரில் மாட்டுச் சாணம் கரைப்பதும் உண்டு. கோயில் கிணற்றுக்குச் சுத்தமான களிமண் கரைசலே போதும். 50 மீட்டரைத் தாண்டியும் இப்படி இறக்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் கூப்பிட்டு, சாப்பாடும் கூலியும் கொடுத்து, நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரச் சொல்லலாமே. கோயில் வாசலில் செருப்பு வைக்கும் இடத்தைத் தாண்டி அவர்களை நாம் உள்ளே அழைத்ததே இல்லை, அது வேறு விஷயம்.

அந்த நாட்டிலிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். குளத்துத் தண்ணீரால் வந்த வயிற்றுப்போக்கிலிருந்து தப்பிக்கத்தான் அங்கே லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். 1990களில்தான் அவற்றில் பலவற்றின் தண்ணீரில் நஞ்சான ஆர்செனிக் இருப்பது வெளியே தெரிந்தது. பார்வைக்குத் தெளிந்த தண்ணீர்தான், வாசமும் கிடையாது. நம் பக்கத்திலோ பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் இருக்கின்றன, தோட்டத்தில் மருந்து அடிக்கிறார்கள், இரும்புக் கறையும் வரலாம். அதனால் ஆய்வகத்தில் சோதித்து முடிவு கையில் வரும்வரை இந்தத் தண்ணீர் தரை கழுவ, கழிவறைக்கு, பாத்திரத்தின் முதல் அலசலுக்கு மட்டும். அபிஷேகத்துக்கும் சமையலுக்கும் வேண்டாம். மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் கழிவுத் தொட்டியிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி இடம் பாருங்கள். துளைக்கும் முன் கனிம, புவி அறிவியல் துறையான ஜே.எம்.ஜி.யிடமும் மாநில நீர் நிர்வாகத்திடமும் என்ன அனுமதி வேண்டும் என்று செயலாளர் எழுத்தில் கேட்டு வாங்கிவிடட்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான். எடைக்குப் போடுவதை நிறுத்துங்கள். நன்கொடைப் பணத்தில் சிறு பங்கை எடுத்து ஆகர் செட், காப்புக் குழாய், பி.வி.சி. குழாய் வாங்குங்கள். வெயில் காய்ந்து நீர்மட்டம் இறங்கிக் கிடக்கும் காலத்தில், எல்லாரும் கூடி உழைக்கும் கோத்தோங் ரோயோங் வைத்துச் சோதனைக் குழி போடுவோம். அப்போது தண்ணீர் கிடைத்தால் வருடம் முழுக்க நம்பலாம். கிடைக்கவில்லை என்றால் ரிக்கைக் கூப்பிடுங்கள், நானே முதல் ரசீது வெட்டுகிறேன். அப்போதும் ரிக்காரரிடம் காட்ட நம் கையில் மண் வரிசை இருக்கும். கருவிகளைக் கோயில் பெயரில் வைத்து, சுற்றியிருக்கும் தோட்டங்களுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் இரவல் கொடுங்கள். ஸ்டோர் சாவி ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது என்பதையும் தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

பழைய சாமான் லோரி சனிக்கிழமை வருவதாகக் கேள்விப்பட்டேன். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். ஸ்டோரைத் திறந்து வைத்து, எது எதற்கு என்று பெரியவர்களை வைத்தே சொல்லவைக்கிறேன். எடைக்குப் போவது எது என்பதை அதன் பிறகு முடிவு செய்வோம்.

இப்படிக்கு,
தாமான் வாசி, ஆலயச் சந்தாதாரர்
பெஸ்தாரி ஜெயா