மீட்டருக்குள் தண்ணீர் போன விஷயம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கடைக்கு வருகிறவர்கள் இப்போது முதலில் கேட்பது, "அண்ணே, அந்த மீட்டர் விஷயம் உண்மையா?" என்றுதான். நாங்கள் பிரித்துக் கருநீலம் அடித்துக் கொடுத்த ஒரு சைக்கிள் கம்ப்யூட்டரின், அதாவது ஹேண்டில்பாரில் மாட்டி வேகம், தூரம் பார்க்கிற மீட்டரின், போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. திரைக்கு உள்ளே ஈரம் படிந்திருக்கிறது. "பெயின்ட் அடித்து வாங்கினேன், ஒரே மழையில் போச்சு" என்று கீழே எழுதியிருக்கிறார்கள். காட்பாடி, சத்துவாச்சாரி, ஆற்காடு, ராணிப்பேட்டை என்று எல்லாப் பக்கமிருந்தும் போன். தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, அதனால்தான் இந்த மடல்.

அந்த மீட்டர் திரும்பக் கடைக்கு வந்தது. உரிமையாளரை எதிரே உட்கார வைத்துக்கொண்டுதான் பிரித்தோம். கூட்டின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் நாங்கள் வைத்த பசை சுற்றிலும் ஒரு இடத்தில்கூட விடவில்லை. மறுபடி சூடு காட்டித்தான் பிரிக்க வேண்டியிருந்தது. ஆனால் சார்ஜ் போடும் இடத்து ரப்பர் மூடியின் விளிம்பில் பொடி மணல் ஒட்டியிருந்தது. மூடியைத் தூக்கினால் உள்ளே பின்கள் பச்சை பூத்திருந்தன. தண்ணீர் வந்த வழி அதுதான். பேச்சு வாக்கில் அவரே சொன்னார்: முந்தின வாரம் சைக்கிளை வாட்டர் சர்வீஸுக்கு விட்டிருக்கிறார், மீட்டரை ஹேண்டில்பாரிலிருந்து கழற்றவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும். கார்மின், வாஹூ போன்ற கம்பெனிகளின் பெரும்பாலான மீட்டர்களில் ஐ.பி.எக்ஸ் 7 என்று, எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்பதற்கான எண்ணைப் போட்டிருப்பார்கள். 1 மீட்டர் ஆழத்து நிற்கிற தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்கும் என்பதுதான் அதன் அர்த்தம். பீய்ச்சி அடிக்கிற தண்ணீருக்கு உள்ள சோதனை வேறு, அது 5, 6 என்ற எண்களில் வரும். 7 வாங்கிய பொருள் அந்த இரண்டிலும் தேறியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பிரஷர் கன்னை ஒரு முழம் தள்ளி வைத்து அடித்தால், மணல் சிக்கிய மூடிக்குள் புதுசாக இருந்தாலும் தண்ணீர் போகும். எங்கள் கை படாத மீட்டரிலும் போகும். இதைச் சொன்னால் சாக்கு என்கிறார்கள். பிரித்ததையும் பசை இருந்த இருப்பையும் போனில் எடுத்து வைத்திருக்கிறோம். யார் வந்து கேட்டாலும் காட்டுகிறோம்.

எங்கள் வேலை உங்களுக்குத் தெரியும். நம் ஊர் வெயிலும் வியர்வையும் பட்டு, மீட்டரின் மேலே இருக்கும் ரப்பர் மாதிரியான பூச்சு ஒன்றிரண்டு வருடத்தில் பிசுபிசுவென்று ஆகிவிடுகிறது. அதற்காகத்தான் பலரும் கொண்டுவருகிறீர்கள், சைக்கிள் நிறத்துக்குச் சேர்த்து அடிக்கச் சொல்கிறவர்களும் உண்டு. கூடு பெரும்பாலும் பாலிகார்பனேட். தின்னர் பட்டால் கண்ணுக்குத் தெரியாமல் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும், அதனால் எங்கள் மேஜையில் மீட்டர் வேலைக்குத் தின்னரே கிடையாது. ஐசோபுரொபைல் ஆல்கஹால், வாட்டர் பேப்பர், பொறுமை, அவ்வளவுதான். 400 நம்பர் பேப்பரில் தொடங்கி 1000 நம்பர் வரை தேய்த்த பிறகுதான் பிரைமர். உயரம் காட்டுவதற்குக் காற்றழுத்தத்தை வாங்கும் ஊசித் துளை ஒன்று கூட்டில் இருக்கும். அதில் ஒரு சொட்டு பெயின்ட் இறங்கினால் போச்சு, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவையும் ஏறி முடித்தாலும் மீட்டர் சரியான உயரம் காட்டாது. அந்தத் துளையை நானே என் கையால் அடைத்து, நானே திறக்கிறேன். மாட்டும் இடத்துக் காதுகளிலும் பெயின்ட் ஏற விடுவதில்லை, ஏறினால் தடித்து மவுண்டில் உட்காராது.

அப்புறம், நம் பெயின்டர் தம்பி. ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஃபினிஷிங்கில் ஸ்ப்ரே கன் பிடித்துப் பழகிய கை. அவர் அடித்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி விழாது. அவருக்கு ஓசூரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். நல்லா இருக்கட்டும், நாங்கள்தான் பஸ் ஏற்றிவிட்டு வந்தோம். புதுப் பையன் கற்றுக்கொண்டிருக்கிறான். அதனால் இப்போதைக்கு ஒரே நிற வேலை மட்டும். மெட்டாலிக் நிறம் இனிமேல் இல்லை. அலுமினியத் துகள் உள்ள பெயின்ட் ஜி.பி.எஸ். சிக்னலைக் குறைக்கும் என்பதால் அதில் எனக்கு எப்போதுமே முழுச் சம்மதம் இருந்ததில்லை.

நிறத்துக்கு மேலே அடிக்கும் கிளியர் கோட் பூச்சின் விலையும் ஏறிவிட்டது. அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னரைத் திறந்துவிட்டால் காற்றின் ஈரம் பட்டே கெட்டியாகிவிடும், ஒரு மீட்டருக்காக டின்னைத் திறந்தால் மிச்சம் பெரும்பாலும் வீண். எனவே மீட்டருக்குப் பெயின்ட் அடிக்கும் கூலி 1,400 ரூபாய் இனி 1,900. பூச்சு முழுசாக இறுக ஒரு வாரம் விடுகிறோம், மழைக்காலத்தில் கூடுதலாக ஆகும். வேலைச் சீட்டில் தண்ணீர் பற்றி ஒரு வரி புதிதாகச் சேர்த்திருக்கிறோம், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இந்தப் பேச்சு கிளம்பிய பிறகும் மீட்டரை நம்பிக் கொண்டுவந்து கொடுத்தவர்களை மறக்க மாட்டோம். 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பி.ஆர்.எம். என்ற நீண்டதூர சைக்கிள் ஓட்டத்துக்கு, நாங்கள் அடித்த மீட்டரோடு சென்னை ரோட்டில் மழையில் போய்வந்த நண்பர்கள் தாங்களாகவே குழுக்களில் எங்களுக்காகப் பேசினார்கள். நாங்கள் கேட்கவில்லை. வாடகை சைக்கிள் காலத்திலிருந்து அப்பாவைத் தெரிந்த பெரியவர்கள் கடைக்கே வந்து, "விடுப்பா, நாங்க இருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வார்த்தைக்கு நன்றி சொல்லி முடியாது.

ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்குப் பழைய விலைதான். மெட்டாலிக் கேட்டிருந்தவர்கள் வேறு நிறம் சொல்லலாம், அல்லது பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஞாயிறு மாலை தவிர எப்போதும் இருப்பேன். உங்களில் யாருக்காவது ரப்பர் மூடி தளர்ந்திருந்தால் கொண்டுவாருங்கள், பார்த்துத் தருகிறோம், அதற்குக் காசு வேண்டாம். சைக்கிளை வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது மீட்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
வேலூர்