காந்த டப்பாக்கள் வைக்கும் உறுப்பினர்களின் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். மறைத்து வைத்த டப்பாக்களை ஜி.பி.எஸ். உதவியுடன் தேடிக் கண்டுபிடிக்கும் ஜியோகேச்சிங் விளையாட்டில் சிறு டப்பாக்களைப் பூங்கா இருக்கையின் அடியிலோ கைப்பிடிக் கம்பியின் பின்புறமோ ஒட்டி மறைக்க, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டும் சாதாரணக் காந்தங்கள் போதா. மிக வலுவான நியோடிமியம் காந்தங்களே தேவை. அவற்றை விலைக்கு வாங்கும் முன், பழுதாகி ஒதுக்கப்பட்ட கணினி ஹார்டு டிஸ்க் கிடைக்குமா என்று பாருங்கள். மூடியின் நட்சத்திரத் திருகுகளைக் கழற்றினால், உள்ளே சுழலும் வட்டத் தட்டின் மேல் அசையும் கை போன்ற பாகத்தின் அடிப்பகுதியில், பிறை போல வளைந்த ஒன்றிரண்டு காந்தங்கள் எஃகுத் தகட்டில் ஒட்டியிருப்பதைக் காணலாம். தகட்டிலிருந்து அவற்றை நெம்ப வேண்டாம். காந்தம் எளிதில் நொறுங்கும், தகட்டில் துளை இருந்தால் டப்பாவில் திருகிப் பொருத்தவும் அதுவே உதவும்.

காந்தத்தை டப்பாவின் உட்புறம் ஒட்டினால் பிளாஸ்டிக்கின் தடிமன் பிடியைக் குறைக்கும் என்றாலும், நிக்கல் பூச்சு உரிந்து துருவேறும் தொல்லை குறைவதால், மழையில் நனையும் இடங்களுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். அலுமினியக் கம்பியில் எந்தக் காந்தமும் ஒட்டாது.

குழந்தைகளும் டப்பாவைத் திறப்பார்கள்: ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கினால் அவை குடலைக் கவ்வித் துளையிட்டுவிடும் என்பதால், எதையும் தளர்வாக விடாமல் எபாக்சி பசையால் உறுதியாகப் பதியுங்கள்.