கட்டுரை நோட்டை வீட்டுக்குத் தூக்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மா நலம். மேலூர்க் கால்வாயில் பெரியாற்றுத் தண்ணீர் வந்துவிட்டது, நடவுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. போனில் எதைக் கேட்டாலும் "நோட்டு திருத்திக்கிட்டு இருக்கேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால் நோட்டைப் பற்றியே எழுதுகிறேன், இதையாவது முழுசாகப் படி.

பொங்கலுக்கு வந்தபோது பார்த்தேன். கட்டைப்பை நிறைய எட்டாம் வகுப்புக் கட்டுரை நோட்டு. தலைப்பு நீர் மேலாண்மை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை, எல்லா நோட்டிலும் அதே குறள், கைடில் இருந்த அச்சுப்பிழைகூட அப்படியே. நீ ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து ஒற்றுப்பிழையைச் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டிருந்தாய். அந்தப் பிள்ளை எழுதாததை நீ ஏன் திருத்துகிறாய்?

"உங்கள் தெருவுக்குத் தண்ணீர் எப்படி வருகிறது" என்று கேட்டுப் பார். என்னிடம் ஒரு பையன் "தண்ணி வண்டி வந்தா எங்கம்மா சித்திகிட்டயே சண்டைக்குப் போகும்" என்று எழுதினான். கட்டுரை நோட்டில் பேச்சு வழக்கா என்றார் ஹெச்.எம். முதலில் எழுதட்டும் சார் என்றேன். மறுநாள் அவனையே வாசிக்கச் சொல்லி வகுப்பே சேர்ந்து எழுத்து நடைக்கு மாற்றினோம். "போகும்" என்பது "செல்வார்" ஆனதும், "எங்கம்மா அவ்வளவு மரியாதையாவெல்லாம் சண்டை போடாது சார்" என்கிறான்! அந்த இடத்தை அவன் இஷ்டத்துக்கே விட்டுவிட்டேன்.

பிழையை மொத்தமாகப் பிடிக்காதே, வாரத்துக்கு ஒன்று போதும். ஒரு வாரம் ழகரம் மட்டும். நம்ம ஊர்ப் பிள்ளைக்கு மழை மளையாகத்தான் வரும், காதில் விழுவதைத்தானே எழுதுகிறான். உன் ஓசூரில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசிவிட்டு வருகிறவர்கள், அவர்களுக்குத் தடுக்குகிற இடம் வேறு. பக்கத்தில் இருப்பவனிடம் வாயால் சொல்லிப் பார்த்துவிட்டு அப்புறம் எழுதட்டும். நாலு வரி போதும், அதையே இன்னொரு தரம் எழுத வை. வகுப்பிலேயே நோட்டை மாற்றிப் படித்தால் பாதி வேலை முடிந்துவிடும். வீட்டுக்குத் தூக்காதே.

மார்க் வேண்டாமா என்பாய். எட்டாம் வகுப்பில் என்ன பொதுத்தேர்வா? கீழடியில் பானை ஓட்டில் ஆதன், குவிரன் என்று பெயரைக் கீறி வைத்திருக்கிறார்களே, யாரும் தலைப்பு கொடுத்தா எழுதினார்கள்? உன் பிள்ளைகளையும் அவரவர் பெயரைப் பற்றி எழுதச் சொல், யார் வைத்தது, வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று. பொய் எழுத வழியே இல்லாத தலைப்பு அது.

நம்ம வீட்டில் எழுதத் தெரிந்தவள் நீதான். உன் அண்ணனுக்கு லீவு லெட்டரே நீதான் எழுதுவாய். ஹாஸ்டலில் இருந்து இன்லேண்டு லெட்டரின் மடிக்கிற ஓரம் வரைக்கும் எழுதி அனுப்பியவள், இப்போது "சரிப்பா", "சாப்பிட்டேன்ப்பா" என்பதோடு சரி. மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்டதற்கு "ம்" என்று ஒரு மெசேஜ். அம்மா அதைப் பல தடவை எடுத்துப் பார்த்துவிட்டாள்.

ஒரு சனி ஞாயிறு வந்துவிட்டுப் போ. மாப்பிள்ளைக்கு லீவு இல்லையென்றால் நீ மட்டும் வா, யாரும் எதுவும் கேட்க மாட்டோம், அம்மாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். நோட்டுக் கட்டு வேண்டாம். எந்த பஸ் என்று மட்டும் போடு, எத்தனை மணியானாலும் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவேன்.

அப்பா