லூசியானாவில் பிரெஞ்சு தானாக மறையவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, அமெரிக்காவின் லூசியானா மாநிலம் பற்றிய பயணக் கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். இருபத்திரண்டு வருடமாக லஃபயெட் நகரில் குடியிருக்கிறேன். எங்கள் மாநிலத்தைப் பற்றித் தமிழில் அச்சில் பார்த்ததே பெரிய சந்தோஷம். நியூ ஆர்லியன்ஸின் இரும்பு வேலைப்பாடு கொண்ட பால்கனிகளும், மார்டி கிரா ஊர்வலத்தில் கூட்டத்தை நோக்கி வீசும் மணிமாலைகளும் கண்ணெதிரே வந்து நின்றன. ஆனால் 'காலப்போக்கில் பிரெஞ்சு மொழி இங்கே மெல்ல மறைந்துவிட்டது' என்று ஒரு வரி வருகிறதே, அது என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

என் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. கரும்பு விளைகிற ஒரு சிற்றூரில் பிறந்தவர். வீட்டில் பிரெஞ்சு தவிர வேறு பேச்சே கிடையாது. ஆறு வயதில் பள்ளிக்கூடம் போன முதல் வாரம். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்கத் தெரியவில்லை. பிரெஞ்சில் வாயைத் திறந்தால் அடி விழும். அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார், கடைசியில் பாவாடை நனைந்துவிட்டது. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே இதை என்னிடம் சொன்னபோது அவர் தலையை நிமிர்த்தவில்லை. 'பள்ளி வளாகத்தில் பிரெஞ்சு பேச மாட்டேன்' என்று பக்கம் பக்கமாக எழுத வைப்பார்களாம். சோள மணிகளைத் தரையில் பரப்பி, அதன்மேல் முட்டி போட வைத்ததும் உண்டாம். இது அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. தெற்கு லூசியானாவில் அந்த வயதுக்காரர் யாரோடு உட்கார்ந்து பேசினாலும் இதே கதை வெளியே வரும்.

இதற்குப் பின்னால் சட்டம் இருந்தது. 1916இல் குழந்தைகள் கட்டாயம் பள்ளிக்குப் போக வேண்டும் என்றார்கள். 1921இல் வந்த மாநில அரசியல் சாசனம், அரசுப் பள்ளிகளில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும் என்று விதித்தது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பிள்ளையை வீட்டிலும் வைத்துக்கொள்ள முடியாது. பள்ளியில் அதன் மொழிக்கும் இடமில்லை. அப்படிக் கூனிக்குறுகி வளர்ந்த தலைமுறை, தன் பிள்ளைகளுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம் என்று முடிவு செய்தது. பக்கத்து வீட்டு அம்மாவும் அவர் கணவரும், பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாத விஷயங்களைப் பேச மட்டும் பிரெஞ்சை வைத்துக்கொண்டார்களாம். இரண்டாம் உலகப் போரில் இதே ஊர்களிலிருந்து போன பையன்கள் பிரான்ஸில் அமெரிக்கப் படைக்கு மொழிபெயர்ப்பாளர்களாக இருந்தார்கள். அங்கே உதவிய மொழிக்கு, ஊர் திரும்பிய பிறகு அவர்கள் பிள்ளைகளின் வகுப்பறையில் இடம் கிடைக்கவில்லை.

கட்டுரையில் இன்னொரு குறையும் உண்டு. பிரெஞ்சு என்றதும் கட்டுரையாளர் கேஜன் மக்களை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டார். அவர்கள் கதை பெரியதுதான். 1755இல் இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியிலிருந்து பிரிட்டிஷார் கப்பலில் ஏற்றித் துரத்திய அகேடியர்களின் வாரிசுகள் அவர்கள். 'அகேடியன்' என்ற சொல்தான் வாய்க்கு வாய் மாறிக் 'கேஜன்' ஆனது. ஆனால் அவர்கள் இங்கே வந்து சேர்ந்தது 1760களில். அதற்கு நாற்பது வருடம் முன்பே, 1719இல், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிய முதல் கப்பல்கள் லூசியானா வந்துவிட்டன. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அப்படிக் கொண்டுவரப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் செனகல், காம்பியா நதிகளை ஒட்டிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். எஜமானரின் பிரெஞ்சை எடுத்துத் தங்களுக்கென்று ஒரு மொழியையே உருவாக்கினார்கள் அந்த மக்கள். அதுதான் லூசியானா கிரியோல். இன்று அதைக் 'கூரி-வினி' என்று சொல்கிறார்கள்; 'போ', 'வா' என்ற இரண்டு வினைச்சொற்களைச் சேர்த்து வைத்த பெயர். செயின்ட் மார்ட்டின் வட்டாரத்தில் கறுப்பரும் வெள்ளையரும் அதைப் பேசி வந்திருக்கிறார்கள். கேஜன் பிரெஞ்சும் இதுவும் ஒன்றல்ல. கட்டுரை இரண்டையும் போட்டுக் குழப்பியிருக்கிறது.

அப்புறம், எழுத்தில் பிரெஞ்சை வளர்த்தவர்கள் யார்? 1845இல் நியூ ஆர்லியன்ஸின் சுதந்திரக் கறுப்பினக் கவிஞர்கள் பதினேழு பேர் சேர்ந்து ஒரு கவிதைத் தொகுப்பு வெளியிட்டார்கள். அமெரிக்கக் கறுப்பின இலக்கியத்தின் முதல் தொகுப்பு அதுதான். அது முழுக்கப் பிரெஞ்சில் இருந்தது. உள்நாட்டுப் போர் முடிவதற்கு முன்பே, 1864இல், அதே நகரில் லூயி ஷார்ல் ரூடனே என்ற மருத்துவர் தொடங்கிய ட்ரிப்யூன் பத்திரிகை பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வந்தது. கறுப்பின மக்கள் நடத்திய அமெரிக்காவின் முதல் நாளிதழ் அது. கடற்கரைச் சதுப்பு நிலத்தில் மீனும் இறாலும் பிடித்து வாழும் ஹூமா பழங்குடியினரும் பிரெஞ்சு பேசியவர்கள்தான். அவர்களுடைய பிள்ளைகளை 1960கள் வரை வெள்ளையர் படித்த அரசுப் பள்ளிகளில் சேர்க்கவே இல்லை. இத்தனை பேரையும் விட்டுவிட்டு லூசியானாவின் பிரெஞ்சைப் பற்றி எழுத முடியாது என்பது என் எண்ணம்.

கம்போ படத்துக்குக் கீழே 'பிரெஞ்சு சூப்' என்று போட்டிருக்கிறீர்கள். அந்தக் குழம்பின் பெயரே வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். வெண்டைக்காயைக் கொண்டுவந்ததும் ஆப்பிரிக்கத் தொடர்புதான். சில வீடுகளில் வெண்டைக்காய்க்குப் பதில் ஃபிலே என்ற இலைப்பொடியைத் தூவிக் கெட்டியாக்குவார்கள். அது சாக்டா பழங்குடியினரிடம் கற்றது. மாவைக் கொழுப்பில் வறுத்துச் சேர்க்கிற முறை மட்டும் பிரெஞ்சுக்காரர்களுடையது. இதைச் சோற்றில் ஊற்றித்தான் சாப்பிடுவார்கள். அந்த நெல்லை இங்கே விளைவிக்கத் தெரிந்தவர்களும் அதே செனகாம்பிய மக்கள்தான். இன்னொரு அழகான சொல்லும் இங்கே உண்டு: 'லான்யாப்'. கடைக்காரர் கையில் எடுத்துத் தருகிற கொசுறு. தென் அமெரிக்காவின் கெச்சுவா மொழியில் பிறந்து, ஸ்பானிஷ் வழியாக வந்து, பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் நிலைத்த சொல். இன்றைக்கும் சந்தையில் காய் வாங்கும்போது காதில் விழும்.

மொழி மறைந்துவிட்டது என்ற வரி தவறு என்பதற்கு முக்கியமான சான்று இனிமேல்தான். 1964இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவுக்கு மூன்று கேஜன் கலைஞர்களை அழைத்தார்கள். அவர்களில் ஒருவரான வயலின் கலைஞர் டூயி பால்ஃபா அன்று கித்தார் வாசித்தார். நம் மானத்தை வாங்கப் போகிறார்கள் என்ற தொனியில் உள்ளூர்ப் பத்திரிகையிலேயே எழுதினார்கள். அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலின் எதிரொலியை ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று பால்ஃபா உயிரோடு இருந்தவரை பாடுபட்டார். பள்ளிப் பிள்ளைகள் முன்னால் போய் வாசித்தார். 1968இல் மாநில அரசே பிரெஞ்சு வளர்ச்சிக்கென்று கோடோஃபில் என்ற அமைப்பை ஏற்படுத்தியது. 1974இல் வந்த புதிய அரசியல் சாசனம், தங்கள் மொழியையும் பண்பாட்டையும் காக்கும் உரிமையை மக்களுக்குத் தந்தது.

ஆனாலும் சிக்கல் தீரவில்லை. ஆசிரியர்களை பிரான்ஸிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் வரவழைத்தார்கள். அவர்கள் சொல்லித் தந்தது ஐரோப்பியப் பிரெஞ்சு. பக்கத்து வீட்டு அம்மாவின் பேத்தி ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து, இறாலை 'ஷெவ்ரெட்' என்று சொல்லக் கூடாது, 'க்ரெவெட்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று பாட்டியைத் திருத்தினாள். இங்கே தலைமுறை தலைமுறையாக இறாலுக்கு ஷெவ்ரெட்தான். சின்ன வயதில் பிரெஞ்சு பேசியதற்காக அடி வாங்கியவருக்கு, முதுமையில் அது சரியான பிரெஞ்சு இல்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்? இப்போது பல பள்ளிகளில் உள்ளூர்ச் சொற்களையும் சேர்த்துக் கற்பிக்கிறார்கள். இந்த மாற்றம் முப்பது வருடம் முன்பே வந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கடைசியாக ஒரு செய்தி. 1930களிலிருந்து லூசியானா ஏறக்குறைய 5,000 சதுர கிலோமீட்டர் கரை நிலத்தைக் கடலுக்குப் பறிகொடுத்திருக்கிறது. பிரெஞ்சை அதிகமாகப் பேசுகிற ஊர்கள் பல அந்தக் கரையோரத்தில்தான் இருக்கின்றன. அப்படி ஓர் ஊர் புவான்ட்-ஓ-ஷியென். 2021இல் அங்கிருந்த தொடக்கப் பள்ளியை மூடினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஐடா புயல் வீடுகளை அடித்துப் போட்டது. ஊர்க்காரர்கள் விடவில்லை. சட்டமன்றம் வரை போனார்கள். 2023இல் அந்த ஊருக்கென்று பிரெஞ்சு வழிப் பள்ளி ஒன்று திறந்தது. பழங்குடிப் பிள்ளைகள் தங்கள் தாத்தா பாட்டியின் சொற்களோடு அங்கே பாடம் படிக்கிறார்கள்.

மறைந்துவிட்டது என்ற அந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். கம்போவின் படக்குறிப்பையும் மாற்றினால் மகிழ்வேன். கட்டுரையாளர் மறுபடி இந்தப் பக்கம் வந்தால் எங்கள் வீட்டில் தங்கலாம். பக்கத்து வீட்டு அம்மாவிடம் நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
லஃபயெட், லூசியானா